எமது வெற்றியை இரத்துச் செய்யக் கோருதல்

அனுப்புபவர்:
வீ. நாகலெட்சுமி,
செயலாளர், கீழ்ப்பிரிவு மகளிர் தறிக் குழு,
பழைய பிள்ளைக் காம்பரா,
ஸ்ட்ராத்வில் தோட்டம், கீழ்ப்பிரிவு,
பொகவந்தலாவை.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
மலைச்சாரல் மகளிர் கைப்பணி வாழ்வாதாரத் திட்டம்,
நுவரெலியா.

விடயம்: எதிர்வரும் வியாழக்கிழமை எமது நான்கு கைத்தறிகளையும் லொறியில் ஏற்றிச் செல்ல எடுக்கப்பட்டுள்ள தீர்மானமும், அதற்குக் காரணமாகக் காட்டப்படும் எமது வெற்றியும்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்று முறையிடுபவை என அறிவோம். இம்மனு அவ்வகையைச் சேர்ந்ததல்ல. எமக்குக் கிடைத்துவிட்ட ஒன்றைத் திருப்பித் தர விரும்புகிறோம். கடந்த மாதம் எமது தோட்டத்தில் நடைபெற்ற விழாவில், கீழ்ப்பிரிவுப் பெண்கள் முழுமையாக வலுவூட்டப்பட்டுவிட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. வலுவூட்டப்பட்டவர்களுக்குத் தறி தேவையில்லை என்பதால், வரும் வியாழக்கிழமை லொறி வருகிறது. லொறி வருவதற்கு முன்பு அந்த வெற்றியை மீளப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

2. இது ஏன் அவசரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எமது குழுவில் மிக நன்றாக நெய்பவர் வினோதா. இருபத்தேழு வயது. மூன்று வயதில் ஒரு மகள். கணவர் கிஷாந்த் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார், பெருநாட்களுக்கு வருவார். போன வருடம் வினோதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஆயத்தமாகியிருந்தார். கடவுச்சீட்டு ஹட்டனில் உள்ள முகவரிடம் இருக்கிறது. தறிகள் வந்ததும் அவர் பயணத்தைத் தள்ளிப் போட்டார். பிறகு மறுபடியும் தள்ளிப் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுகிறேன் என்று முகவர் இப்போது கூறிவிட்டார். தறி இருந்தால் போகமாட்டேன், தறி போனால் போவேன் என்பது வினோதாவின் முடிவு. அதாவது வியாழக்கிழமை லொறி வந்தால், வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வினோதா ஹட்டனுக்குப் போவார். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் கிஷாந்துக்கு இந்த விபரம் இன்னும் சொல்லப்படவில்லை.

3. எமது குழுவின் பின்னணியைச் சற்று விளக்க வேண்டும். கைப்பணிப் பயிற்சி எமக்குப் புதியதல்ல. இத்தறிகள் வருவதற்கு முன்னரே நாங்கள் மெழுகுவர்த்தி செய்யக் கற்றோம். காளான் வளர்க்கக் கற்றோம். கேக்கின்மேல் ரோசாப்பூ வைக்கக் கற்றோம். பஞ்சடைத்த கரடிப் பொம்மை தைக்கக் கற்றோம். ஒவ்வொரு பயிற்சியும் மூன்று நாள். மூன்றாம் நாள் மாலை சான்றிதழும் சோற்றுப் பொதியும் தரப்படும். பயிற்சி தந்தவர்கள் மெழுகு அச்சையும் கேக் தட்டையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். அதன் பின் வரிசை வீடுகளான எமது லயங்களில் காளான் வளர்ந்ததுண்டு. ஆனால் அது பயிற்சியினால் அல்ல, கூரையினால். சான்றிதழ்கள் வீண்போகவில்லை என்பதையும் நன்றியுடன் பதிவு செய்கிறேன். பிளாஸ்டிக் உறையிட்டுத் தருவதால், தகரத்தில் ஓட்டை விழுந்த இடத்துக்குக் கீழே செருகினால் ஒரு மழைக்காலம் தாங்கும்.

4. தங்கள் திட்டம் இதிலிருந்து வேறுபட்டது. தறிகளோடு ஒரு போதனாசிரியரும் வந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த செல்வி ரோகினி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, குளிரில் பற்கள் அடித்துக்கொள்வதை மறைத்துக்கொண்டு, ஆறு மாதம் எம்முடன் இருந்து சொல்லித் தந்தார். ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டி வீசும் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, அதைத் தறியில் குறுக்கே ஓட்டி, பலகையால் அடித்து இறுக்கி நெய்வது எமது வேலை. அதிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கான கைப்பை தைக்க வேண்டும் என்பது திட்டம். முன்பு பிள்ளைகளை விட்டுவிட்டுத் தேயிலை பறிக்க மலைக்குப் போகும் இடமாக இருந்து, புதிய கட்டடம் வந்தபின் பூட்டிக் கிடந்த பிள்ளைக் காம்பராவைத் தோட்டத்தில் கேட்டு வாங்கினோம். மாலையில் போகும்போது ரோகினி மிஸ் கதவைப் பூட்டித் திறப்பை எங்களிடம் தந்துவிட்டுப் போவார். அதற்கு முன் எந்தத் திட்டமும் திறப்பை எங்களிடம் தந்ததில்லை.

5. இங்கே ஒரு தவறு நடந்தது. அது முழுக்க முழுக்க எங்களுடையது. மறைக்க விரும்பவில்லை, ஏனெனில் எமது கோரிக்கை அதன்மேல்தான் நிற்கிறது.

தோட்டத்தில் பிறந்த ஒருத்திக்கு வேலை என்றால் நிறுக்கப்படுவது. காலையில் பெயர் பதியும் பெரட்டுக்கு நிற்கிறோம். மலைக்குப் போகிறோம். பறித்த கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டு வந்து தராசில் போடுகிறோம். எடை இருந்தால் அன்றைய நாள் முழுதாகக் கணக்கில் விழும். அதை முழுப் பேர் என்போம். எடை குறைந்தால் அரைப் பேர். எங்கள் வாழ்க்கையில் நிறுக்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலை எதுவும் இல்லை. ஆகவே ரோகினி மிஸ் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த வாரம், யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று பார்ப்பதற்கு, மடுவத்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு பழைய தராசைக் கொண்டு வந்து பிள்ளைக் காம்பராவின் கூரை வளையில் தொங்கவிட்டோம். யாருடைய யோசனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் எதிர்க்கவில்லை. தறிகளை விடத் தராசுதான் அந்த அறைக்குப் பொருத்தமாக இருந்தது.

முதல் நாள் வினோதா தன் பையைத் தராசில் மாட்டியதும், எமது தலைவி செவனம்மா, ஈரக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பழக்க தோஷத்தில், "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்க" என்றார். அன்று நல்ல வெயில். பையோ துணி.

"கழிக்கிறது யாருக்குங்கக்கா போவும்?" என்று வினோதா கேட்டார்.

"அதெல்லாம் கேக்கக் கூடாதுடி. கழிக்கிறதுன்னா கழிக்கிறதுதான்."

இதுபற்றிச் சூடான விவாதம் நடந்து, இறுதியில் கழிப்பதைக் கைவிட்டோம். எமது தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக யாரும் கேட்காதிருந்த ஒரு கேள்வி தங்கள் திட்டத்தினால் கேட்கப்பட்டது என்பதை, திட்டத்தின் பயன்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

6. தராசின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. பலகையை ஓங்கி அடித்தால் நெசவு இறுகும். இறுகினால் கூடுதல் துணி பிடிக்கும். துணி பிடித்தால் எடை ஏறும். எடை ஏறினால் முழுப் பேர். இதை எமக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பைகள் வாரத்துக்கு வாரம் கனத்தன. விடுமுறை முடிந்து திரும்பிய ரோகினி மிஸ் ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். மேசையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"என்ன பிள்ளையள் இது? வெறும் பையைத் தூக்கவே ரெண்டு பேர் வேணும் போல கிடக்கு."

செவனம்மா, "நிறுக்காம எப்புடிங்க மிஸ் பேர் போடுறது?" என்றார்.

"பேர் எண்டால் என்ன?"

அதை விளக்கி முடிக்க மாலையாகிவிட்டது. மிஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எனக்கு விளங்குது. ஆனா வாங்கிற வெள்ளைக்காரப் பொம்பிளைக்கு இது விளங்காதெல்லோ" என்றார்.

அவர் சொன்னது சரியாக இருந்தது. நானுஓயா ஸ்டேசனுக்குப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பொருள் விற்கும் ஒரு கடைக்கு முதல் தொகுதியை அனுப்பினோம். ஒரு வெளிநாட்டு அம்மணி மிகவும் விரும்பி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை வரை நடந்தாராம். ரயில் வருவதற்குள் திரும்பி வந்து, மிகவும் அழகான பை என்று பாராட்டிவிட்டுக் கழற்றி வைத்தாராம். கடைக்காரர் எல்லாவற்றையும் பஸ்ஸில் போட்டுத் திருப்பி அனுப்பினார். மூட்டைக்குள் இரும்பு இருக்கிறதா என்று கண்டக்டர் இரண்டு முறை கேட்டார்.

7. அதன் பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு பொகவந்தலாவை பஜாருக்குப் போனோம். அங்கே மக்பூல் நானாவின் கடை இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி, கயிறு, கூடை, மழைக்குப் போடும் பொலித்தீன் எல்லாம் அவரிடம்தான் வாங்குவோம். எந்தப் பெயரிலாவது இதை விற்றுத் தர முடியுமா என்று கேட்டோம். அவர் பையைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"இது பேக் இல்ல தங்கச்சி. இதுக்குள்ள அரிசி போட்டா, அரிசிய விட பேக்குதான் பாரம். கால்மிதின்னு சொல்லுங்க, எடுக்கிறேன்."

வினோதா பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இத்தன மாசம் படிச்சது கால்ல போட்டு மிதிக்கவாங்க நானா?"

அதைத் தோளில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். மறுநாள் மலைக்குப் போகும்போது மழை. தலைமேல் கூடைக் கயிறு பதியும் இடத்தில் மடித்து வைக்கும் துணி நனைந்து போனதால், கோபமோ தேவையோ தெரியாது, அந்தப் பையின் பட்டியை அறுத்துக் கயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டார். சாயந்திரம் கூடையை இறக்கிவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்தார். எங்கள் எல்லோருடைய தலையிலும் கயிறு அழுத்திய தடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை. மாலையானால் அங்கிருந்து வலி தொடங்கிக் கண்ணுக்கு இறங்கும். அன்று வினோதாவுக்கு வலி இறங்கவில்லை. நம்பாமல் நாங்கள் ஒவ்வொருவராக வாங்கிப் போட்டுப் பார்த்தோம். கனமான நெசவு கயிற்றை உள்ளே விடவில்லை. தண்ணீரையும் எளிதில் குடிக்கவில்லை. சுற்றுலாப் பயணிக்குக் குறையாக இருந்தது எதுவோ அது எங்கள் தலைக்குச் சரியாக இருந்தது.

பைகளில் பெரும்பாலானவற்றை வெட்டினோம். பிறகு பை நெய்வதை விட்டுவிட்டுப் பட்டியாகவே நெய்தோம். மேல்பிரிவில் கேட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டார்கள். ஒரு நாள் மக்பூல் நானாவே ஆட்டோ பிடித்து மலையேறி வந்து பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றார்.

"அந்தக் கால்மிதிய வெட்டித் தலையில போட்டுட்டீங்களாமே. எனக்கும் ஒரு கட்டு தாங்க."

"கால்மிதி இல்லீங்க நானா. தலைப்பட்டி."

"சரி, தலப்பட்டி. ஒரே மாசத்துல கால்ல இருந்து தலைக்கு ஏறிட்டீங்க."

அவர் அன்று கொண்டு போன கட்டு அந்த வாரமே முடிந்தது. அன்று முதல் இன்று வரை எமது தறிகள் சும்மா நின்றதில்லை. தராசு இன்னும் வளையில்தான் தொங்குகிறது. பட்டி எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்பதால் அதைக் கழற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை.

8. ரோகினி மிஸ் இதைப் பார்த்து மிகவும் சந்தோசப்பட்டார். தலைப்பட்டியையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்படி தங்கள் அலுவலகத்தில் கேட்டார். திட்டம் நினைவுப் பொருட்களுக்கானது, தலைப்பட்டி நினைவுப் பொருள் அல்ல என்று அவருக்குப் பதில் சொல்லப்பட்டது. இப்பதிலை நாங்கள் மறுக்கவில்லை. கொழுந்துக் கூடை சுமப்பதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பும் யாரையும் எமக்குத் தெரியாது. அதன் பின் மிஸ்ஸின் ஒப்பந்தக் காலம் முடிந்து அவர் ஊருக்குப் போனார். போகும்போது ஒரு சுவெட்டரை வினோதாவின் மகளுக்குக் கொடுத்தார். அது பிள்ளைக்கு இன்னும் கணுக்கால் வரை இருக்கிறது.

ஆகவே நிலைமை இதுதான் ஐயா. திட்டத்தில் உள்ள பொருளை நாங்கள் விற்கவில்லை. நாங்கள் விற்கும் பொருள் திட்டத்தில் இல்லை.

9. விழாவுக்கு வருகிறேன். அதற்கு முதல் நாள் தங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் திரு. லக்ஸ்மன் வந்தார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான். நல்லவர். போன மாரிக்குக் கூரை ஒழுகியபோது, தறிகள் நனையாதிருக்கத் தன் மோட்டார் சைக்கிள் உறையைக் கழற்றித் தந்தவர். மீதமிருந்த கைப்பைகளை ஸ்டாண்டில் வரிசையாக மாட்டச் சொன்னார். மாட்டினோம். கடைசிப் பையை மாட்டியதும் ஸ்டாண்ட் ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு விழுந்தது. நிமிர்த்தி மறுபடி மாட்டினோம். மறுபடி விழுந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு ஹட்டனுக்குப் போய்க் கடையொன்றில் மெல்லிய துணிப்பைகள் சில வாங்கிவந்து மாட்டினார்.

"இது ஒரு அடையாளத்துக்குத்தான் அக்கா. நாளைக்கு வாறவை கையில தூக்கிப் பாப்பினம். தூக்கேலாமல் போனா எனக்குத்தான் வில்லங்கம்" என்றார்.

எங்களுடையவற்றை மூலையில் அடுக்கி மேலே விரிப்புப் போட்டோம். பிரதம விருந்தினர் வந்து, ஒரு பையை எடுத்து, ஒரே விரலில் தொங்கவிட்டுப் பார்த்து வியந்தார். வினோதாவை அருகில் அழைத்து, இதைச் செய்ய எவ்வளவு நேரமாகும் என்று ஒலிபெருக்கியில் சிங்களத்தில் கேட்டார். வினோதாவுக்குச் சிங்களம் விளங்கும். கூட்டத்தைப் பார்த்ததும் பதில் தமிழில்தான் வந்தது.

"அது நாங்க செஞ்சது இல்லீங்க சேர். எங்களோடது அந்த மூலையில கெடக்கு. தூக்கிப் பாருங்க."

திரு. லக்ஸ்மன் உடனே ஒலிபெருக்கியை வாங்கி மொழிபெயர்த்தார். தறியில் உட்கார்ந்தால் இந்தத் தங்கைக்கு நேரம் போவதே தெரியாதாம் என்பதே அவருடைய மொழிபெயர்ப்பு. நாங்கள் எல்லோரும் ஓரளவு சிங்களம் அறிந்தவர்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சொன்னதும் பொய்யில்லை என்பதால் பேசாமல் இருந்தோம். பிரதம விருந்தினரின் கண்கள் கலங்கின. இந்தப் பெண்கள் அடைய வேண்டியதை அடைந்துவிட்டார்கள், இவர்களுக்கு இனி யாருடைய உதவியும் தேவையில்லை, இந்தத் தறிகள் இனி வேறு பெண்களையும் எழுப்பட்டும் என்றார். கைதட்டும்படி சைகை வந்தது. தட்டினோம். எதற்காகத் தட்டினோம் என்பது மறுநாள்தான் எமக்குத் தெரிந்தது.

10. மறுநாள் திரு. லக்ஸ்மன் வாசலிலேயே நின்றுகொண்டு விபரத்தைச் சொன்னார். தறிகள் வலப்பனைப் பக்கத்தில் ஒரு மாதிரிக் கிராமத்துக்குப் போகின்றனவாம்.

"வெண்ட இடத்தில சாமான் வைச்சிருக்க ஏலாது அக்கா. திட்டத்தின்ர விதி அது. தோத்திருந்தா இன்னும் ஒரு வருசம் நீட்டியிருப்பினம்."

செவனம்மா, "அப்ப எங்களத் தோக்க வச்சிருங்க தம்பி" என்றார்.

"அதுக்கு நான் ஆளில்லை. பணிப்பாளர் ஐயாதான் சொல்லவேணும்."

இதனாலேயே இம்மனுவைத் தங்களுக்கு எழுதுகிறேன். திரு. லக்ஸ்மன் மீது நாங்கள் எந்தப் புகாரும் செய்யவில்லை. அவருக்கு எந்தத் தீங்கும் வரக் கூடாது. ஸ்டாண்ட் விழுந்தது அவர் குற்றமல்ல. அது எங்கள் பையின் குற்றம்.

11. எமது தோல்வியை நிரூபிக்கத் தேவையான சான்றுகள் போதிய அளவு உள்ளன. அங்கீகரிக்கப்பட்ட கைப்பைகளில் ஒன்றைக்கூட நாங்கள் விற்கவில்லை. விற்றதாகக் கருதக்கூடிய ஒன்றும் ரயில் வருவதற்குள் திரும்பி வந்துவிட்டது. சுற்றுலாப் பயணி எவரும் எமது பொருளால் எதையும் நினைவுகூரவில்லை. மீதமுள்ள பைகள் இன்னும் மூலையிலேயே இருக்கின்றன. தாங்கள் நேரில் வந்தால் தூக்கிப் பார்க்கலாம். இவ்வளவும் போதாதெனில், திட்டம் எதிர்பார்க்கும் வேறு எந்த வகையில் தோற்க வேண்டும் என்று அறிவித்தால், அவ்வகையிலும் தோற்க நாங்கள் ஆயத்தம். முழு ஒத்துழைப்பு வழங்குவோம்.

12. வலப்பனைப் பெண்கள் மீது எமக்கு எவ்விதக் கோபமும் இல்லை. அவர்களுக்கும் தறி வேண்டும். அவர்களும் ஆறு மாதம் கற்று, ஏதோ ஒரு தவறு செய்து, அதிலிருந்து தமக்குப் பொருத்தமான ஒன்றைக் கண்டுபிடித்து, கை ஓடத் தொடங்கும் வேளையில் அவர்களுக்கும் வெற்றி வந்து சேரும் என்பதுதான் எமது கவலை. தறிகள் இப்படியே மலைக்கு மலை போய்க்கொண்டிருந்தால் அதிகம் பயணம் செய்தவை தறிகளாகவே இருக்கும். வேறு தறிகளை அவர்களுக்கு அனுப்ப வழி இருக்குமானால், அவற்றில் நெய்யக் கற்றுக்கொடுக்க எம்மில் இருவர் வலப்பனைக்குப் போய்த் தங்கவும் ஒப்புக்கொண்டுள்ளனர். தராசைக் கொண்டு போகமாட்டோம் என்று உறுதியளிக்கிறோம்.

13. இம்மனுவைப் பிள்ளைக் காம்பராவில் இருந்தே எழுதுகிறேன். எழுத்து ஆங்காங்கே கோணியிருந்தால் பொறுத்தருளவும். நான்கு தறிகளும் ஓடுகின்றன. அடிக்கும்போதெல்லாம் மேசை ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் மலைக்குப் போகவில்லை. ஆனாலும் யாரும் வீட்டில் இல்லை. வியாழனுக்கு முன் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பட்டியை நெய்துவிட வேண்டும் என்று மாறி மாறி உட்காருகிறார்கள். துணி கிழிக்கிறவர்கள் கிழிக்கிறார்கள். கிழிக்கத் துணி இல்லாதவர்கள் கதவு வரை போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நாள்தோறும் இவ்வழியே போகும் கொழுந்து லொறிக்கும் தங்கள் லொறிக்கும் சத்தத்தில் வித்தியாசம் இராது என்பதால், நேற்று லொறி வளைவில் திரும்பியபோது தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அது கொழுந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மறுபடி ஓடத் தொடங்கச் சற்று நேரம் பிடித்தது.

"எழுதிட்டீங்களா? என்னான்னு எழுதுனீங்க?" என்று கேட்டுக் கேட்டுப் போகிறார்கள். நாம் தோற்றுவிட்டோம் என்று எழுதுகிறேன் என்றேன். "நல்லா அழுத்தி எழுதுங்க" என்றார் செவனம்மா. அவருடைய மகளும் குவைத்தில்தான் இருக்கிறார். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்வாராம். அதைச் சொல்லும்போது பின்னால் எப்போதும் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும் என்று செவனம்மா ஒரு முறை என்னிடம் கூறியிருக்கிறார்.

வினோதாவை யாரும் எதுவும் கேட்பதில்லை. மகள் தறியின் கீழே உட்கார்ந்து கீற்றுகளை நிறம் நிறமாகப் பிரிக்கிறாள். பச்சையை மாத்திரம் தனக்கு வைத்துக்கொள்கிறாள். நேற்று அவள் தாயிடம், "லொறில நாமளும் போவமா?" என்று கேட்டாள். வினோதா கீற்று ஓட்டும் நாடாவைத் தவறவிட்டு, எடுத்துக்கொண்டு, மறுபடி நெய்தார்.

14. எனவே, தங்களின் மேலான கவனத்துக்குப் பின்வருவனவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்:

அ) கீழ்ப்பிரிவு மகளிர் தறிக் குழு வெற்றி பெற்றதாகச் செய்யப்பட்ட அறிவித்தலை இரத்துச் செய்து, குழு தோல்வியுற்றதாக, அல்லது குறைந்தது இன்னும் வெற்றி பெறாததாக, அறிவித்தல்.

ஆ) அவ்வாறு செய்ய விதியில் இடமில்லையெனில், வியாழக்கிழமை வரும் லொறியை, காரணம் எதுவும் கூறாமலேனும், ஒரு வருடம் தாமதப்படுத்தல். லொறிகள் காரணமின்றித் தாமதமாவதை நாங்கள் பலமுறை கண்டுள்ளோம். ஆகவே இது நிர்வாகத்துக்குப் புதிய பழக்கமாக இராது.

இ) எந்த முடிவானாலும், லொறி வருமா வராதா என்பதை வியாழன் வரை வைத்திராமல், புதன்கிழமைக்குள் எமக்கு அறிவித்தல். இது எங்களுக்காக அல்ல. நாங்கள் வியாழக்கிழமையைப் பார்த்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை பெரட்டுக்கு வழக்கம்போல் நிற்போம். தலையில் பழையபடி துணியை மடித்து வைத்துக்கொள்ளத் தெரியும். கிஷாந்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பிள்ளையை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டும், முகவரிடம் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் ஒருவர்தான். அவர் எங்களைக் கேட்கிறார். பதில் தங்களிடம் இருக்கிறது.

தபாலில் அனுப்பினால் வியாழக்கிழமை தாண்டிவிடும் என்பதால், இம்மனுவை நாளை காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். தாங்கள் கூட்டத்தில் இருந்தால் கூட்டம் முடியும் வரை வெளியில் காத்திருப்பேன். நாளை கூட்டம் முடியாவிட்டால் செவ்வாயும் இருப்பேன்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து, தங்கள் திட்டத்தில் இன்னும் தோற்றுக்கொண்டிருக்க விரும்பும்,

(ஒப்பம்)
வீ. நாகலெட்சுமி
செயலாளர்

செவனம்மா
தலைவி
மற்றும் குழு உறுப்பினர்கள்

இடம்: ஸ்ட்ராத்வில் தோட்டம், கீழ்ப்பிரிவு
திகதி: 12.10.2025

குறிப்பு: உறுப்பினர்களின் ஒப்பங்களில் வினோதாவுடையது இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்கக்கூடும். அவர் எதிர்ப்புத் தெரிவித்ததாக அதைக் கொள்ள வேண்டாம். இரண்டு முறை கூப்பிட்டேன். "இந்தப் பட்டி முடியட்டுங்கக்கா" என்கிறார். அது முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறார்.